ஆபரேட்டர் பெயர்

டிவி கேம் என்றால் லால் பாஷாவுக்கு ஆகாது. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் யாராவது தெரியாத்தனமாக அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் போதும், டீ ஆறுவதுகூடத் தெரியாமல் அரை மணி நேரம் பிடித்துக்கொள்வார். கம்பெனிக்காரனுக்கு மனுஷனிடம் இரண்டே இரண்டுதான் வேண்டும் என்பார். வேலை வாங்கக் கை, பொருளை விற்கக் கண். கைக்குப் பதில் மெஷின் வந்துவிட்டது, மிச்சம் இருக்கிற கண்ணையும் வளைத்துப் போடத்தான் இந்தப் பெட்டி என்பார். கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு நைசாக நழுவுவார்கள்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பதினாலு வருஷம் லேத் ஓட்டிய மனிதர். அவர் வேலை பார்த்த கம்பெனியில் நாலு கம்ப்யூட்டர் மெஷின் வந்து இறங்கிய மாதமே எண்பது ஆபரேட்டர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் அவரும் ஒருவர். கோபம் வராமல் என்ன செய்யும்? அந்தக் கோபம் முதலில் டீக்கடைப் பேச்சானது, பிறகு பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதமானது. இப்போது, வருகிற ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் 'வீடியோ விளையாட்டும் நம் வீடும்' என்று மேடை போட்டுப் பேசுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. நோட்டீஸில் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

சங்கடம் என்னவென்றால், அவர் வீட்டில் உலை கொதிப்பதே டிவி கேமால்தான். அவர் மனைவி முனவர் பேகம், சிப்காட் தொழிற்பேட்டையில் டிவி கேம் பெட்டி செய்கிற சம்யுக்தா வீடியோ டெக் என்ற சின்னக் கம்பெனியில் டெஸ்டிங் இன்ஸ்பெக்டர். லைனில் வரும் ஒவ்வொரு பெட்டியையும் டிவியில் மாட்டி, மூன்று நிமிடம் ஆடிப் பார்க்க வேண்டும். குதிரைக்காரன் ஒருவன் கோட்டை கோட்டையாகத் தாண்டிப் போகிற ஆட்டம். முதல் கோட்டை முடிந்ததும் பெட்டியை அணைத்து, அடியில் '17' என்று அவள் ஸ்டாம்ப் விழ வேண்டும். இரண்டாவது கோட்டைக்குப் போனாலே சூப்பர்வைசர் குரல் வரும், இது டெஸ்டிங் லைனா, திருவிழாக் கடையா என்று. ஆகவே அந்தக் கம்பெனியில், முதலாளியிலிருந்து பெருக்குகிற பெண் வரைக்கும், தாங்கள் செய்கிற பெட்டியைப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆடிப் பார்த்தவர்கள் ஒருவரும் கிடையாது. லைனுக்கு வரும் கரண்டும் ஊர்க் கரண்ட் இல்லை. பெரிய ஸ்டெபிலைசர் வழியாக, ஏறாமல் இறங்காமல், சர்க்கரைப் பாகு மாதிரி ஒரே சீராக வரும்.

பத்தாயிரம் பெட்டி முடித்ததற்காக இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆளுக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். அதை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று லால் பாஷா பெரிய ரகளை செய்தார். இந்த வீட்டுக்குள் அது ஓடக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவளும் வம்பு வேண்டாமென்று பழைய துப்பட்டாவில் சுற்றி பீரோ மேலே போட்டுவிட்டாள்.

அது தொண்ணூற்றைந்தாம் வருஷம், தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை. பெங்களூருக்கு எண்ணூறு பெட்டி லாரியில் ஏறிக்கொண்டிருந்தது, மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். காலை பதினோரு மணிக்கு, பேக்கிங்கில் இருக்கும் சம்பங்கி ஒரு பழைய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முனவரிடம் வந்தாள். கிருஷ்ணகிரி கடைக்காரர் ஒருவர் திருப்பி அனுப்பியதாம். உள்ளே அடாப்டர் இருந்தது. சுவரில் செருகிக் கரண்டைப் பெட்டிக்குத் தரும் அந்தக் கறுப்புக் கட்டி, மெழுகு மாதிரி உருகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

முனவர் அதை மூக்கருகே கொண்டுபோனாள். இந்த நாற்றம் அவளுக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் இதே நாற்றம்தான் அடித்தது. டிவிக்கு அடியில் விரித்திருந்த துணியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிய ஓட்டை. கொசுவர்த்தி சரிந்து விழுந்துவிட்டது என்றார் லால் பாஷா. அவளும் நாலு திட்டுத் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். கொசுவர்த்திக்கும் பிளாஸ்டிக்குக்கும் நாற்றம் வேறு என்பது அன்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் மூக்கை அறுத்துப் போட வேண்டும் என்று இப்போது தோன்றியது.

உருகிய அடாப்டரை எடுத்துக்கொண்டு புரொடக்‌ஷன் மேனேஜர் நாராயணப்பனிடம் போனாள். நாராயணப்பன் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவர் தலைக்கு மேலே பெங்களூர் முதலாளி உட்கார்ந்திருந்தார், முதலாளி தலைமேலே தீபாவளி உட்கார்ந்திருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் மலிவான அடாப்டருக்கு மாற்றியதில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். ஆயிரத்தில் ஒன்று இப்படிப் போகும், ஊர்க் கரண்டுக்கெல்லாம் கம்பெனி பொறுப்பாகுமா என்று கேட்டுவிட்டு, பைலைப் புரட்டப் போய்விட்டார். ஆயிரத்தில் ஒன்று இல்லை, தன் வீட்டிலும் ஒன்று என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். ஆனால் என்ன நடந்தது என்று அவளுக்கே முழுசாகத் தெரியாதே!

சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினாள்.

கதவைத் தாழிடவில்லை, வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே குதிரைக் குளம்புச் சத்தம். ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை கேட்கிற அதே சத்தம்.

லால் பாஷா பனியனோடு டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முதுகெல்லாம் வியர்வை. வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேன் அவர் பக்கம் ஓடவில்லை. தரையில் ஒரு ஓட்டுத் துண்டின்மேல், எக்ஸ்டென்ஷன் வயரில் செருகிய அடாப்டரை வைத்து, ஃபேனை அதன் பக்கம் திருப்பி ஓடவிட்டிருந்தார். பக்கத்தில் ஒரு நோட்டு, பென்சில், கைக்கடிகாரம்.

முனவர் ஸ்விட்சை அணைத்தாள். அவர் திரும்பிப் பார்த்துத் திருதிருவென விழித்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் முதலில் செய்ததைப் பாருங்கள்: நோட்டை எடுத்துத் தொடைக்கு அடியில் செருகப் பார்த்தார். அவள் அதைப் பிடுங்கினாள்.

நோட்டின் முன்பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு எழுதியிருந்தது. பெற்றோரே, சமுதாயமே என்று பத்துப் பக்கம். திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். லேத் ஓட்டியபோது மணிக்கு மணி குறித்து வைக்கிற பழக்கம் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. தேதி, ஆரம்பித்த நேரம், சூடு ஏறிய நேரம், வாசனை வந்த நேரம், நிறுத்திய நேரம், எத்தனையாவது கோட்டை. கடைசிக் கட்டத்தின் தலையில் 'ஆபரேட்டர் பெயர்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே மட்டும் ஒரு பக்கத்திலும் ஒன்றும் எழுதவில்லை. நாற்பத்தொரு நாள் கணக்கு. போன செவ்வாய்க்கிழமைக்கு நேராக: '11.10 ஆரம்பம். 11.31 சூடு. 11.38 வாசனை. 11.44 தீ. கோட்டை 6.' அதற்கு அடுத்த நாள், வேறு அடாப்டர் வாங்கியது, அதுவும் அதே ரகம் என்ற குறிப்பு.

"தீன்னு எழுதி வெச்சிருக்கறீங்க," என்றாள் முனவர். "எங்கிட்ட கொசுவர்த்தின்னு சொன்னீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். முதலில் எதிரி எப்படிப்பட்டவன் என்று பார்க்கத்தான் ஆடிப் பார்த்தேன் என்று ஆரம்பித்தார். அப்புறம் அந்தப் பொய் அவருக்கே பிடிக்காமல், பகல் நேரம் போகவில்லை முனவரு, வேலையில்லாதவனுக்குப் பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரை எவ்வளவு நீளம் தெரியுமா என்றார். அவளுக்கு அந்த நிமிடம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணூறு பெட்டி லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் அவள் ஸ்டாம்ப்.

நடந்ததைச் சொல்லி, இப்போதே கம்பெனிக்கு வந்து மேனேஜரிடம் சொல்லுங்கள் என்றாள். லால் பாஷாவின் முகம் வெளுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது, நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது, இது வெளியே தெரிந்தால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் தலைகாட்ட முடியாது, திங்கட்கிழமை வரைக்கும் பொறு என்று கெஞ்சினார்.

"திங்கக்கெழம அது எண்ணூறு வீட்ல இருக்கும். நீங்க ஃபேன் வெச்சி, ஓடு வெச்சி ஆடறீங்க. அவங்களுக்கு யாரு சொல்லுவா? உங்க மானத்துக்கு எத்தன வீடு எரியணும்?"

நோட்டை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். திரும்பிப் பார்த்தபோது அவர் அணைந்த டிவியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நாராயணப்பன் நோட்டை வாங்கி முதலில் முன்பக்கத்தைப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது, நன்றாக எழுதுகிறாரே உன் வீட்டுக்காரர் என்றார். பிறகு பின்பக்கம். மலர்ச்சி போய்விட்டது. இரண்டு தடவை படித்தார். நோட்டை மூடி மேஜைமேல் வைத்து, நிதானமாக, ஒவ்வொரு ஆணியாக அடித்தார். இதை எழுதியவருக்குக் கம்பெனி என்றாலே ஆகாது என்று ஊருக்கே தெரியும். கம்பெனியைக் கவிழ்க்க வீட்டில் உட்கார்ந்து கட்டம் போட்டு எழுதியது இது. எட்டாவது கோட்டை என்று வேறு போட்டிருக்கிறது, நம் இன்ஜினியரே மூன்றைத் தாண்டியதில்லை, ஒரு பெரிய மனிதர் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து இதை ஆடினார் என்றால் யார் நம்புவார்கள்?

"ஆபரேட்டர் பேருன்னு கட்டம் போட்டிருக்குது, பேரு எங்கம்மா? பேரில்லாத லாக் புக்க நான் குப்பையிலதான் போடணும்."

லால் பாஷா வாய் ஓயாமல் பேசிய பேச்சே அவர் எழுதிய உண்மையின் கழுத்தை நெரித்துவிட்டது. வெளியே லாரியின் தார்ப்பாயைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். நாராயணப்பன் கேட் பாஸை முனவர் முன்னால் நகர்த்தினார். இன்ஸ்பெக்டர் கையெழுத்து இல்லாமல் லாரி வெளியே போகாது. கையெழுத்துப் போடு, இல்லையென்றால் ஸ்டாம்பை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போ, வேறு ஆள் போடட்டும் என்றார்.

போனால் ஒரு நிமிடத்தில் வேறு கை கையெழுத்துப் போட்டுவிடும். அவள் சம்பளமும் போகும், லாரியும் போகும். பேனா அவள் கையில் வழுக்கியது.

அப்போதுதான் வாட்ச்மேன் யாரையோ தடுக்கிற சத்தம் கேட்டது. லால் பாஷா சைக்கிளைக் கேட்டின்மேல் சாய்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தார். பேக்கிங் பெண்கள் நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மேனேஜர் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஆடனது நான்தாங்க," என்றார். "நம்பிக்கை இல்லன்னா ஒரு பெட்டி குடுங்க. ஆடிக் காட்றன்."

நாராயணப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புதான் அவரை மாட்டிவிட்டது. ஆடட்டுமே என்றார். முனவர் விடவில்லை. லைன் கரண்டில் வேண்டாம், வாட்ச்மேன் அறையில் ஊர்க் கரண்ட் வருகிறது, அங்கேதான் ஆட வேண்டும், பெட்டியும் லாரியிலிருந்தே எடுக்க வேண்டும் என்றாள். டிரைவர் எல்லப்பன் நேரமாகிறது என்று கன்னடத்தில் முணுமுணுத்தார். 'ஸ்வல்ப இரு' என்று அவரை அடக்கிவிட்டு நாராயணப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பத்து. மூன்று மணிக்குள் ஒன்றும் ஆகவில்லையென்றால் கையெழுத்து, சரியா என்றார். சரி என்றாள்.

வாட்ச்மேன் அறையில் சின்ன டிவி வந்தது. ஜன்னல் முழுக்கப் பெண்களின் முகங்கள். லால் பாஷா ஸ்டூலில் உட்கார்ந்து, பொத்தான் வைத்த ஆட்டப் பிடியைக் கையில் எடுத்தார். முதல் கோட்டையின் முதல் அகழியிலேயே குதிரைக்காரன் விழுந்து செத்தான்.

ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாராயணப்பன் மீசையைத் தடவினார். இவர் எழுதியது எல்லாமே பொய்யோ என்ற ஒரு சந்தேகம்கூட முனவருக்கு வந்துபோனது.

லால் பாஷா கண்ணை மூடித் திறந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டார். லேத்தில் நிற்பதற்கு முன்னால் அவர் எப்போதும் அப்படித்தான் சுருட்டுவார். அதற்கப்புறம் குதிரை விழவில்லை. இரண்டாவது கோட்டை. மூன்றாவது. நாலாவது கோட்டை இருக்கும் என்பதையே அந்தக் கம்பெனி அன்றைக்குத்தான் பார்த்தது. அதன் நிறம் பச்சை என்று சம்பங்கி ஆச்சரியத்தோடு பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

முனவர் டிவியைப் பார்க்கவில்லை. அடாப்டரின்மேல் விரலை வைத்திருந்தாள். பத்தாவது நிமிடம் வெதுவெதுப்பு. பதினெட்டாவது நிமிடம் விரலை வைக்க முடியவில்லை. இருபத்தைந்தில் வாசனை வந்தது. நாராயணப்பன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, புது பிளாஸ்டிக் என்றால் அப்படித்தான் வாசனை அடிக்கும் என்றார். அவர் சொன்னதை அவரே நம்பவில்லை என்று குரலில் தெரிந்தது.

இரண்டு நாற்பத்தாறுக்கு அடாப்டரின் விளிம்பிலிருந்து நூல் மாதிரி புகை கிளம்பியது.

"விடுங்க, போதும்," என்று முனவர் அவர் தோளைத் தொட்டாள்.

"இரு முனவரு. இன்னும் ஒரு உயிர் இருக்குது."

புகை கெட்டியானது. ஜன்னலில் இருந்த பெண்கள் பின்வாங்கினார்கள். சுவர்ப் பக்கம் ஒரு சின்ன நீலத் தீ எட்டிப் பார்த்தது. அவர் அப்போதும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, கட்டைவிரல் ஓடிக்கொண்டே இருந்தது. சம்பங்கி பாய்ந்து வந்து மெயினை இறக்கினாள். திரை இருண்டது. வாட்ச்மேன் மணலை அள்ளிக் கொட்டினார். இருட்டுத் திரையைப் பார்த்தபடி லால் பாஷா பிடியை அழுத்திக்கொண்டே இருந்தார், இரண்டு மூன்று விநாடி.

எல்லோரும் அடாப்டரைப் பார்த்தார்கள். முனவர் மட்டும் கணவனைப் பார்த்தாள். அவளுக்கு அந்தத் தீயைவிட இது பயமாக இருந்தது.

நாராயணப்பன் சுதாரித்துக்கொண்டார். மேனேஜர் என்றால் சும்மாவா? கையோடு கொண்டுவந்திருந்த நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டினார். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்து உரக்கப் படித்தார். 'குழந்தைகளின் கண்ணையும் கல்வியையும் காக்க, இருபது நிமிடத்துக்கு மேல் இந்த ஆட்டத்தை அனுமதியாதீர்.' அடடா, எவ்வளவு பொருத்தமான வரி பாய் என்றார். இதை அப்படியே சின்னத் துண்டுச் சீட்டில் அச்சடித்து, பெங்களூரிலேயே எண்ணூறு பெட்டியிலும் போட்டுவிடலாம். இருபது நிமிடத்தில் நிறுத்தினால் சூடும் ஏறாது, சமுதாயத்துக்கும் நல்லது. வரிக்குக் கீழே லால் பாஷா, ஓசூர் என்று பெயரும் போடுவோம். கம்பெனியே இப்படி அக்கறையாகச் சொல்கிறது என்றால் ஜனங்கள் மெச்சுவார்கள்.

எப்படி இருக்கிறது பாருங்கள்! வீட்டைக் கொளுத்தும் கட்டியை மாற்றமாட்டார்கள். அதன்மேல் நீதிபோதனையை ஒட்டி விற்பார்கள். ஆனால் முனவர் பயந்தது அதனால் இல்லை. தன் பெயரை அச்சில் பார்க்கக் கணவனுக்கு எவ்வளவு ஆசை என்று அவளுக்குத் தெரியும். எண்ணூறு வீட்டில் அவர் பெயர். தலைநிமிர்ந்து ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறலாம். அவர் கை தன்னையறியாமல் சட்டைப்பையில் இருந்த நோட்டீஸைத் தொட்டது.

"அந்த வரிய நான் எப்ப எழுதினன் தெரியுங்களா?" என்றார் லால் பாஷா. குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் ஜன்னல் வரைக்கும் கேட்டது. "அஞ்சாவது கோட்டையில செத்துட்டு, அடுத்த ஆட்டம் வர்றதுக்குள்ள எழுதினன். இருபது நிமிஷம்னு எழுதிட்டு அன்னிக்கி ஒரு மணி நேரம் ஆடனன். ரெண்டு தடவ ஃபேன தள்ளி வெச்சன், நிறுத்தல. இப்ப என் கண்ணு முன்னால தீ எரிஞ்சுது, பொண்டாட்டி கூப்புட்டா, நான் நிறுத்துனனா? எனக்கே நாப்பத்தெட்டு வயசு. சீட்டப் படிச்சிட்டு எவன் சார் நிறுத்துவான்?"

டிரைவர் எல்லப்பன் எஞ்சினை அணைத்தார். எவரும் அவரிடம் அணைக்கச் சொல்லவில்லை.

முனவர் மேனேஜர் அறைக்குப் போய்க் கேட் பாஸை எடுத்து வந்தாள். எல்லோர் முன்னாலும் அதைச் சுவரில் வைத்து, குறுக்கே 'நிறுத்தம் - அடாப்டர் தீப்பிடிக்கிறது' என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு, பதினேழாம் நம்பர் ஸ்டாம்பையும் அழுத்திக் குத்தினாள். இனி வேறு ஆள் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் அந்த எழுத்தின்மேல்தான் போட வேண்டும். இதற்கு முதலாளி என்ன செய்வார் தெரியுமா என்றார் நாராயணப்பன். தெரியும் சார் என்றாள். அவர் அந்தக் காகிதத்தை ஒருமுறை படித்துவிட்டு, பெங்களூருக்குப் போன் போடப் போனார். சம்பங்கி தார்ப்பாயின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். மற்றப் பெண்களும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

லால் பாஷா இன்னும் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். நோட்டைத் திருப்பிப் பின்பக்கம் திறந்தார், வாட்ச்மேனிடம் பேனா கேட்டு வாங்கினார். முனவர் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். தேதி எழுதினார். 2.15 ஆரம்பம். 2.40 வாசனை. 2.46 புகை. 2.47 தீ. கோட்டை 7. கடைசிக் கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு லால் பாஷா என்று எழுதினார். கணக்கின் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், வெறுமையாக விட்டிருந்த ஒவ்வொரு கட்டத்திலும், நாற்பத்தொரு நாளுக்கும், அதே பெயரை எழுதிக்கொண்டே வந்தார்.